சென்னையின் சின்ன ஓடைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூவம், அடையாறு பற்றிப் பேச ஆள் நிறைய இருக்கிறார்கள். அவற்றில் வந்து சேரும் சின்ன ஓடைகள், கால்வாய்கள் பக்கம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, வீட்டுக்குள் தண்ணீர் புகும் நாலு நாளைத் தவிர. நகரம் வளர்வதால் இந்த ஓடைகளின் உயிர்ச்சூழலுக்கு என்ன ஆகிறது என்பது பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

சென்னையில் ஏது ஓடை? எல்லாம் சாக்கடைதானே?

தினமும் நீங்கள் வண்டியில் தாண்டிப் போகும் பாலங்களுக்குக் கீழே பாருங்கள். ஓட்டேரி நாலா, விருகம்பாக்கம்–அரும்பாக்கம் கால்வாய், மாம்பலம் கால்வாய், ஆதம்பாக்கத்திலிருந்து பள்ளிக்கரணை நோக்கிப் போகும் வீராங்கால் ஓடை, துரைப்பாக்கத்தின் ஒக்கியம் மடுவு. பெயரே இல்லாதவை இன்னும் எத்தனையோ. சில வெட்டியவை, சில தானாக ஓடியவை, பல இரண்டும் கலந்தவை.

சென்னை சமதளம். இங்கே ஓடை என்றால் பெரும்பாலும் ஓர் ஏரிக்கும் அடுத்த ஏரிக்கும் நடுவே உள்ள வழி. மேலே உள்ள ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக உபரி நீர் இறங்கி அடுத்த ஏரிக்குப் போகும். அதுவும் நிரம்பினால் அதற்கடுத்தது. தென்சென்னையில் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரி இப்படித்தான் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாயில் விழுந்து, கோவளம் பக்கம் கடலைத் தொடுகிறது.

ஆகவே ஓர் ஏரியை மூடினால் அதோடு கதை முடிவதில்லை, அதன் ஓடைக்கும் தலை போய்விடுகிறது. 1920-களில் மாம்பலத்தின் நீண்ட ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகர் எழுந்தது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976-இல் வள்ளுவர் கோட்டம் வந்தது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்றும் இருக்கிறது. அங்கே நின்று எந்த ஏரியைப் பார்ப்பது என்று யாரும் கேட்பதில்லை. வள்ளுவர் கோட்டத்துப் பக்கம் தொடங்கி, தி.நகரைக் கடந்து, நந்தனம் வழியாக அடையாற்றில் சேரும் மாம்பலம் கால்வாய்க்கு இன்று மேலே ஏரி எதுவும் கிடையாது. தெருக்கள்தான் அதற்குத் தண்ணீர் அனுப்புகின்றன.

கட்டடம் பெருகினால் ஓடைக்கு என்ன வந்தது? மழை அதே மழைதானே?

மழை அதேதான். அது தரையில் விழுந்த பிறகு போகும் வழி மாறிவிட்டது. ஒரு சின்னக் கணக்கு. ஒரு கிரவுண்டு மனை 2,400 சதுர அடி, அதாவது சுமார் 223 சதுர மீட்டர். அதன்மேல் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 11,000 லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் வரும், ஏறக்குறைய ஒரு தண்ணீர் லாரி. மனை வெறும் மண்ணாக, மரமும் புல்லுமாக இருந்தால் அதில் பெரும்பகுதி மண்ணுக்குள் போகும், மிச்சம் மெதுவாக ஓடையைத் தேடிப் போகும். அதே மனையில் நாலு மாடி கட்டி, சுற்றிலும் பேவர் பிளாக் போட்டு, தெருவையும் காம்பவுண்டு சுவர் வரைக்கும் சிமென்ட் பூசிவிட்டால், அந்த லாரித் தண்ணீர் கிட்டத்தட்ட முழுவதும் சில நிமிடங்களில் வெளியே ஓடிவிடும். உங்கள் தெருவில் நாற்பது மனை இருந்தால் நாற்பது லாரியும் ஒரே நேரத்தில்.

அதனால் ஓடையில் தண்ணீர் சட்டென்று ஏறி, சட்டென்று இறங்குகிறது. இந்த வேகம் கரை மண்ணை அரிக்கிறது, அடியில் கிடக்கும் இலைச் சருகையும் சிறு கற்களையும் புரட்டிப் போடுகிறது, மீன் முட்டையையும் பூச்சிக் குஞ்சுகளையும் அடித்துக்கொண்டு போகிறது. தெருவில் மாதக்கணக்கில் படிந்த எண்ணெய், டயர்த் தூள், பிரேக் தூள், குப்பை எல்லாம் முதல் மழையிலேயே வந்து இறங்குகின்றன. வெயிலில் காய்ந்த தாரிலும் மொட்டை மாடியிலும் ஓடி வருவதால் அந்தத் தண்ணீர் சூடாகவும் இருக்கிறது.

அமெரிக்காவில் செய்த ஆய்வுகளில் ஒரு விதி சொல்வார்கள்: நீர்ப்பிடிப்புப் பரப்பில் சுமார் 10 சதவீதம் தண்ணீர் இறங்காத தரையாக மாறினாலே ஓடையின் உயிரினங்கள் குறையத் தொடங்கும், 25 சதவீதத்தைத் தாண்டினால் ஓடை படுத்துவிடும். நம்முடைய தி.நகர், புரசைவாக்கம், வேளச்சேரியை வைத்து இதைக் கணக்குப் போடவே வேண்டாம். ஆனால் அதே துறையின் பிற்கால ஆய்வுகள் சொன்ன இன்னொன்று நமக்குப் பயன்படும். எவ்வளவு கூரை, எவ்வளவு தரை என்பதைவிட, அதில் எவ்வளவு குழாய் மூலம் நேரே ஓடையில் இணைக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் அதிகம் பாதிக்கிறது. கூரையைக் குறைக்க முடியாது. இணைப்பைக் குறைக்க முடியும்.

நம்ம ஓடைகள் முன்பும் கோடையில் வறண்டுதானே கிடந்தன? இப்போது வருடம் முழுக்கத் தண்ணீர் ஓடுகிறதே, அது நல்லதில்லையா?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

சென்னைக்கு ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கொட்டித் தீர்க்கும். நம் சின்ன ஓடைகள் ஐப்பசியில் புரண்டு, தையில் இளைத்து, சித்திரையில் வெடித்துக் கிடப்பவை. அந்த வறட்சி அவற்றுக்கு நோய் இல்லை, இயல்பு. அங்கே வாழ்ந்த உயிர்கள் எல்லாம் அதற்குப் பழகியவை. நத்தை ஈரச் சேற்றில் புதைந்து மூடிக்கொள்ளும். நண்டு வளை தோண்டும். தவளை மண்ணுக்குள் காத்திருக்கும். விரால் சேற்றில் கிடந்து தாக்குப்பிடிக்கும். புதுவெள்ளம் வந்ததும் கெண்டையும் கெளுத்தியும் எதிர்நீச்சல் போட்டு ஓடை வழியாக ஏரிக்கு ஏறி முட்டையிடும். பனையேறிக் கெண்டை ஈரத் தரையிலேயே ஊர்ந்து அடுத்த குட்டைக்குப் போய்விடும். காய்ந்த மாதங்களில் ஓடையின் அடிமண்ணில் காற்று புகுந்து கழிவுகள் மக்கி முடியும், புல் முளைக்கும், மாடு மேயும்.

இன்று மே மாதத்தில் அதே ஓடையில் கணுக்கால் அளவுக்குக் கறுப்புத் தண்ணீர் நகர்கிறது. ஒரு சொட்டு மழை இல்லை. அது குளியலறையிலிருந்தும் சமையலறையிலிருந்தும் கழிப்பறையிலிருந்தும் வந்த தண்ணீர். மண் காய்வதே இல்லை, மூச்சு விடுவதே இல்லை. மழைக்காலத்தில் வெள்ளம் அளவுக்கு மீறி வேகமாக வருகிறது. கோடையில் வரக்கூடாத தண்ணீர் வருகிறது. இரண்டு பக்கமும் தாளம் தப்பிவிட்டது. வெளிநாட்டுக் கட்டுரைகளில் நகர ஓடைகள் கோடையில் நீர் வற்றிப் போவதை ஒரு பாதிப்பாக எழுதுவார்கள். ஆண்டு முழுக்க ஊற்றுநீர் ஓடும் நாடுகளுக்கு அது சரி. இங்கே கோடையில் காய்ந்து கிடக்கும் ஓடையைப் பார்த்தால் நான் சந்தோஷப்படுவேன்.

தண்ணீர் ஏன் கறுப்பாக இருக்கிறது? அந்த நாற்றம் எதனால்?

30 டிகிரி வெப்பத்தில் சுத்தமான தண்ணீர் ஒரு லிட்டரில் அதிகபட்சம் ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் கரைத்து வைத்துக்கொள்ளும். அழுக்கைத் தின்னும் பாக்டீரியாக்கள் அதைக் குடித்துத் தீர்த்துவிடுகின்றன. ஆக்சிஜன் தீர்ந்ததும் வேறு வகைப் பாக்டீரியா வேலையை எடுத்துக்கொள்ளும். அவை தண்ணீரில் உள்ள சல்பேட்டைப் பயன்படுத்தி ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை விடுகின்றன. அழுகிய முட்டை நாற்றம் அதுதான். அந்த சல்ஃபைடு சேற்றில் உள்ள இரும்போடு சேர்ந்து கறுப்பாகப் படிகிறது. குமிழி குமிழியாக மேலே வருவதில் மீத்தேனும் உண்டு.

எவ்வளவு மோசம் என்பதற்கு ஓர் அளவு. கழிவைச் சிதைக்க எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்பதை பி.ஓ.டி. என்பார்கள். குளிக்கத் தகுந்த நீருக்கு அது லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2022 அறிக்கையில் ஆவடிக்கும் சத்யா நகருக்கும் இடையே கூவத்தில் பதிவான அளவு 345. கூவம் அதைத் தானாக உற்பத்தி செய்யவில்லை. இருபுறமும் வந்து விழும் சின்னக் கால்வாய்களும் வடிகால்களும் கொண்டுவந்து கொடுத்ததுதான்.

பாதாள சாக்கடை தனியாக இருக்கிறதே. கழிவுநீர் ஓடைக்கு எப்படி வருகிறது?

காகிதத்தில் இரண்டும் தனித்தனி. கழிவுநீர்க் குழாய் மெட்ரோ வாட்டருடையது, அதாவது சென்னைக் குடிநீர் வாரியத்துடையது, சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது, ஓடைக்குப் போகும். தரைக்குக் கீழே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டுமானால், மழை பெய்து குறைந்தது ஒரு வாரமாவது ஆன ஒரு நாளில், காலை ஏழு மணிக்கு, வடிகால் ஒன்று கால்வாயில் திறக்கும் வாய்க்கு எதிரே நில்லுங்கள். சொட்டுகூட வரக்கூடாது. ஆனால் வரும். ஏழிலிருந்து ஒன்பதுக்குள் நன்றாகவே வரும், சோப்பு நுரையோடு. மதியம் குறையும், இரவு எட்டுக்கு மேல் மறுபடி கூடும். வீடுகளின் குளியல், சமையல் நேரம் அந்தக் குழாய் வாயில் அப்படியே தெரியும். வடிகால் மூடியைத் தூக்கும் சமயத்தில் எட்டிப் பார்த்தால் பக்கச் சுவரை உடைத்துச் செருகிய நாலு அங்குலம், ஆறு அங்குல பி.வி.சி. குழாய்கள் தெரியும், சுற்றிலும் அவசரமாகப் பூசிய சிமென்ட்டோடு.

இது சட்டவிரோத இணைப்பு. எல்லாமே திருட்டுத்தனம் என்று சொல்லிவிடவும் முடியாது. 2011-இல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426-ஆக விரிந்தது. சேர்ந்த பகுதிகளில் பல இடங்களில் வீடு முதலில் வந்தது, பாதாள சாக்கடை ரொம்பப் பிறகு. இடைப்பட்ட ஆண்டுகளில் செப்டிக் டேங்க் நிரம்பினால் லாரி கூப்பிடுவார்கள், இல்லையென்றால் பக்கத்து வடிகாலில் விடுவார்கள். அந்த லாரி எங்கே போய்க் கொட்டுகிறது என்பது இன்னொரு கதை. இதைத் தவிர, பழைய கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டால், தெரு நாறாமல் இருக்கத் தற்காலிகமாக மோட்டார் வைத்து வடிகாலில் இறைப்பதும் நடக்கிறது. தற்காலிகம் பல மாதம் நீளும்.

கொக்கு, நாரை எல்லாம் நிற்கிறதே! அப்போ தண்ணீர் நன்றாகத்தானே இருக்க வேண்டும்?

நல்ல கேள்வி, நிறைய பேர் கேட்பது. கறுப்புச் சேற்றில் சிவந்த நீளக் கால்களோடு நிற்கும் நெடுங்கால் உள்ளானைக் கவனித்துப் பாருங்கள். அது குத்திக் குத்தி எடுப்பது பெரும்பாலும் சேற்றுக்குள் உள்ள சிவப்புப் புழு. ஒரு குச்சியால் ஓரச் சேற்றைக் கிளறினால் உங்களுக்கும் தெரியும்: நூல் போல, நெளிந்துகொண்டே இருக்கும். அது ஒரு வகைக் கடிக்காத கொசுவின் குஞ்சு. அதன் உடம்பில் நம்முடையதைப் போலவே ஹீமோகுளோபின் இருப்பதால்தான் அந்தச் சிவப்பு. ஆக்சிஜன் மிகக் குறைந்த இடத்திலும் அதனால் பிழைக்க முடிகிறது. போட்டிக்கு வேறு பூச்சி இல்லாததால் கோடிக்கணக்கில் பெருகுகிறது, பறவைக்கு விருந்து.

ஓடை நன்றாக இருக்கிறதா என்று பார்க்க, எத்தனை உயிர் என்று எண்ணுவதைவிட எத்தனை வகை என்று பார்க்க வேண்டும். தட்டான் குஞ்சுகள், நீர்ச்சிலந்தி, நத்தையில் இரண்டு மூன்று வகை, சிறு இறால், அயிரை எல்லாம் கலந்து இருந்தால் நம்பலாம். ஒரே புழு லட்சக்கணக்கில் இருந்தால் அது நோய்க்குறி.

மீனும் இருக்கிறது. பிடிக்கிறார்கள், விற்கிறார்கள்.

பெரும்பாலும் ஜிலேபி கெண்டை. 1952-இல் இந்தியாவுக்குள் கொண்டுவந்த ஆப்பிரிக்க மீன். உப்பு, அழுக்கு, வெப்பம் எதற்கும் அசையாது. கூடவே ஆப்பிரிக்கக் கெளுத்தி, தொட்டி வளர்ப்பில் சலித்துப்போய் யாரோ விட்ட டேங்க் கிளீனர் மீன், கொசு ஒழிப்புக்காக விட்ட கப்பி. நம் ஊர் மீன்களில் நேரே காற்றை விழுங்கி மூச்சுவிடத் தெரிந்தவை மட்டும் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கழிவுநீர் ஓடையில் பிடித்த மீனை வாங்க வேண்டாம். உலோகக் கழிவு சதையில் சேர்ந்திருக்கலாம்; அது வேகவைத்தாலும் போகாது.

டெங்கு இந்தக் கால்வாயால்தானே வருகிறது?

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு வீட்டைச் சுற்றியுள்ள நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும்: மூடாத டிரம், பூந்தொட்டித் தட்டு, பழைய டயர். நகர மலேரியாவைப் பரப்பும் கொசுவும் மேல்நிலைத் தொட்டி, கிணறுகளை விரும்புவதுதான். சாக்கடைத் தேக்கத்தில் பெருகுவது கியூலெக்ஸ், இரவில் தூங்கவிடாமல் கடிப்பது. யானைக்கால் நோயைப் பரப்பக்கூடியது. கால்வாயைக் குறை சொல்லும் முன் மொட்டை மாடியை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவர் கட்டினால் சுத்தமாக இருக்குமே?

பார்க்கச் சுத்தமாக இருக்கும். மண் கரையும் மண் அடியும்தான் ஓடையின் சுத்திகரிப்பு நிலையம். மணலுக்கும் வேருக்கும் இடையே தண்ணீர் உள்ளே போய் வெளியே வரும்போது, அங்கே ஒட்டியிருக்கும் பாக்டீரியா நைட்ரஜனைக் கழிக்கும், சம்பும் கோரையும் கொஞ்சம் உறிஞ்சும். அடியிலும் கான்கிரீட் போட்டால் அது நின்றுபோகும். நிலத்தடி நீரோடு உள்ள உறவும் அறுந்துபோகும். நிழல் மரம் போய்விடுவதால் தண்ணீர் கொதிக்கும். நண்டு வளை தோண்ட இடம் இல்லை, தவளை ஏற வழி இல்லை. வேகத்தைத் தடுக்க எதுவும் இல்லாததால், மேலே உள்ள தெருவுக்கு நிம்மதி, கீழே உள்ள தெருவுக்கு வெள்ளம்.

கரை சரியும் இடத்தில், வீடு ஒட்டியிருக்கும் இடத்தில் சுவர் வேண்டும்தான். அடித்தளத்தையாவது மண்ணாக விடலாம் என்பதே என் கட்சி.

தூர்வாரினால் போதாதா?

செப்டம்பரில் பொக்லைன் இறங்கி ஆகாயத்தாமரையை வாரி கரையில் குவிக்கும். அள்ளிக்கொண்டு போக லாரி வருவதற்குள் ஒரு மழை வந்து பாதியை உள்ளே தள்ளிவிடும். தூர்வாருவது வெள்ளத்துக்குக் கட்டாயம் தேவை. ஆனால் கழிவுநீர் வரும்வரை ஆகாயத்தாமரைக்கு உரம் கிடைத்துக்கொண்டே இருக்கும், இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி மூடிவிடும்.

வெள்ளம் வந்தால் ஆக்கிரமிப்பு என்கிறார்கள். கரையோரக் குடிசைகள்தான் காரணமா?

கண்ணுக்கு முதலில் தெரிவது அவைதான், முதலில் இடிக்கப்படுவதும் அவைதான். அங்கிருந்தவர்களைக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று அனுப்பினார்கள். அந்த இடங்களும் தாழ்வான சதுப்பு நிலத்தை ஒட்டியவை, மழையில் அங்கேயும் தண்ணீர் நிற்கிறது. இன்னொரு பக்கம், பறக்கும் ரயிலின் தூண்களை பக்கிங்ஹாம் கால்வாய்க்குள்ளேயே நட்டது அரசு. பள்ளிக்கரணையின் கதையும் அதுதான்: குப்பைக் கிடங்கு, சாலை, கல்வி வளாகம், அலுவலகம் எல்லாம் சேர்ந்து சுருக்கிய பிறகு, மிச்சத்துக்கு 2022-இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் அந்தஸ்து கிடைத்தது. ஓடையின் அகலத்தைக் குடிசை சில அடி குறைத்தது. அதன் தலையையும் காலையும் வெட்டியது வேறு ஆட்கள்.

புதிதாக மழைநீர் வடிகால் கட்டுகிறார்களே, அது ஓடைக்கு நல்லதா?

தெருவுக்கு நல்லது. ஓடைக்கு, மேலே சொன்ன நேரடி இணைப்பைக் கூட்டுவதுதான். களிமண் பகுதிகளில் வடிகால் இல்லாமல் முடியாது. கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரம் போன்ற மணல் பூமியில், விழுந்த மழை அங்கேயே இறங்கிவிடும். அங்கே எதற்கு வடிகால் என்று மக்கள் கேட்டு, விஷயம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. நியாயமான கேள்வி.

ஓடையை மீட்ட ஊர் எங்காவது உண்டா?

சிங்கப்பூரின் பீஷான்–ஆங் மோ கியோ பூங்காவைப் பாருங்கள். காலாங் ஆற்றின் கான்கிரீட் கால்வாயை உடைத்து, வளைந்து ஓடும் மண் கரை ஓடையாக 2012-இல் மாற்றினார்கள். மழையில் பூங்காவே வெள்ளப் படுகை. தென் கொரியத் தலைநகர் சியோலின் சோங்கேசோன் ஓடையையும் எல்லோரும் காட்டுவார்கள். 2005-இல் திறந்தது, அழகுதான், ஆனால் அதில் ஓடுவது பெரும்பாலும் ஆற்றிலிருந்து இறைத்துவிடும் தண்ணீர். அந்த மாதிரி நமக்கு வேண்டாம். நம் ஊரில் அடையாறு கழிமுகத்தை ஒட்டி 58 ஏக்கரில் தொல்காப்பியப் பூங்காவை மீட்டது நல்ல வேலை. அது ஓடை அல்ல, கழிமுகம். ஆனாலும் இடம் கொடுத்தால் உயிர் திரும்பி வரும் என்று அங்கே நேரில் பார்க்கலாம்.

என் வீட்டிலிருந்து நான் என்ன செய்ய முடியும்?

பிளம்பரைக் கூப்பிட்டு, குளியலறை, துணி துவைக்கும் இடத்துத் தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள். ஒரு வாளியில் கொஞ்சம் நீலப்பொடி கலந்து ஊற்றி, வாசல் வடிகாலில் நிறம் வருகிறதா என்று பார்த்தால் போதும். வந்தால் இணைப்பை மாற்றுங்கள். அடுத்து, 2003 முதல் கட்டாயமான மழைநீர் சேகரிப்புத் தொட்டி. பல அடுக்குமாடிகளில் அது மண் மூடிக் கிடக்கிறது, ஆடியிலேயே சுத்தம் செய்துவிடுங்கள். மனையைச் சுற்றி முழுக்க பேவர் பிளாக் போடாமல் ஓர் ஓரமாவது மண்ணாக விடுங்கள். மழையில்லாத நாளில் வடிகால் வாயில் தண்ணீர் வந்தால் நேரத்தோடு படம் எடுத்து மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் கொடுங்கள். மெட்ரோ வாட்டருடையது என்று திருப்பி அனுப்புவார்கள். அங்கேயும் கொடுங்கள், இரண்டு புகார் எண்ணையும் சேர்த்து வார்டு கவுன்சிலரிடம் காட்டுங்கள்.

நான் வாங்கப்போகும் மனை பழைய ஓடைமேல் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தரகர் காட்டும் லேஅவுட் வரைபடத்தோடு நிற்காதீர்கள். புல எண்ணை வைத்து வருவாய்த்துறையின் புல வரைபடம், எந்த எண் என்ன வகை நிலம் என்று சொல்லும் 'அ' பதிவேடு இரண்டையும் எடுங்கள். பழைய நகர எல்லைக்குள் என்றால் நகர நில அளவைப் பதிவேடு. உங்கள் எண்ணுக்கு மட்டுமல்ல, சுற்றியுள்ள எண்களுக்கும் பாருங்கள். ஓடை, வாய்க்கால், ஏரி உள்வாய், நீர்நிலைப் புறம்போக்கு என்று பக்கத்தில் எங்கே எழுதியிருந்தாலும், அது எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று விரலால் கோடு இழுத்துப் பாருங்கள். கோடு உங்கள் மனைக்கு ஒரு பக்கம் நின்று மறுபக்கம் தொடர்ந்தால் முன்பணம் கொடுக்க வேண்டாம். பிறகு 2015, 2023 டிசம்பர்களில் தண்ணீர் எந்தப் படி வரை வந்தது என்று எதிர்வீட்டில் கேளுங்கள். விற்பவரிடம் கேட்க வேண்டாம்.